சத்தத்தை நிறுத்தும் மாப்பிள்ளை

"ஒன்னுமில்ல" என்று சொல்வதற்காகவே மாதாமாதம் சம்பளம் வாங்கிய மனிதன், எனக்குத் தெரிந்து, இந்தப் பூமியில் ஒருத்தன்தான். அந்தப் புண்ணியவானோடு நான் ஒரே ரூமில் குப்பை கொட்டியிருக்கிறேன். வரதய்யபாளையத்தில் அவனுக்குப் பெயர் அரைமணி. நிஜப் பெயர் ஆதார் கார்டில் இருந்திருக்கும். அதைப் போய் யார் பார்த்தார்கள்!

எனக்கு ஆந்திர எல்லையில், ஸ்ரீசிட்டியில் ஒரு போன் கம்பெனியில் ஷிப்டு வேலை. அரக்கோணத்திலிருந்து தினம் வந்து போய் முதுகு விட்டுப்போனதால் வரதய்யபாளையத்தில் ரூம் எடுத்தேன். பாதி வாடகைக்கு ஆள் தேடியபோது ஒரு பையும் ஒரு பைனாகுலருமாக வந்து நின்றவன்தான் அரைமணி. நாகலாபுரம் பக்கத்து ஆள். அவன் அப்பா காலத்தில்தான் அந்தக் குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு துண்டு நிலம் வந்தது, அதுவரை எல்லாரும் அடுத்தவர் கழனியில் கூலி.

"இன்னா வேலப்பா ஒனக்கு?" என்று கேட்டேன்.

"கப்பல்ல."

"கப்பல்ல இன்னா?"

"கடலப் பாத்துகினு இருக்கணும்."

"பாத்து?"

"திமிங்கலம் வந்தா, வந்திச்சின்னு சொல்லணும்."

"வரலன்னா?"

"ஒன்னுமில்லன்னு சொல்லணும்."

கிண்டல் செய்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். கிண்டல் செய்யத் தெரியாத முகம். "முக்காவாசி நாளு ஒன்னுமில்லதான்," என்று வேறு ஒத்துக்கொண்டான்.

அப்புறம்தான் விவரம் தெரிந்தது. கடலுக்கு அடியில் எண்ணெய் இருக்கிறதா என்று தேடுகிற கப்பல் அது. காக்கிநாடாவுக்கு அப்பால், கரையே தெரியாத ஆழத்தில் சுற்றும். காற்றுத் துப்பாக்கி என்று ஒரு சாதனத்தைப் பின்னால் இழுத்துப்போய்த் தண்ணீருக்குள் வெடிப்பார்கள். அந்தச் சத்தம் தரையில் பட்டுத் திரும்புவதை வைத்து உள்ளே இருப்பதைக் கணக்குப் போடுவார்கள். திமிங்கலமும் டால்பினும் காதை வைத்துப் பிழைக்கிற ஜீவன்கள். பக்கத்தில் வெடித்தால் அதுகளுக்குக் காது போய்விடும். அதனால் வெடிப்பதற்கு முன்னால் நம்மாள் மேல்தளத்தில் நின்று கப்பலைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டுப் பார்ப்பான். வட்டத்துக்குள் ஏதாவது மூச்சு விட்டுத் தண்ணீர் பீய்ச்சினால் தலைக்கு மேல் இரண்டு கையையும் குறுக்காக வைத்து "ஸ்டாப்!" என்பான். வெடிப்பே நிற்கும். ஒன்றுமில்லை என்றால் ஆரம்பிக்கலாம். அதுவும் எடுத்த எடுப்பில் முழுச் சத்தம் கூடாது. முதலில் ஒரே ஒரு சின்னத் துப்பாக்கி, அப்புறம் இன்னொன்று, அப்படியே மெல்ல ஏற்ற வேண்டும். காது உள்ளதெல்லாம் தூரமாகப் போய்க்கொள்ள நேரம் தருவது.

நல்ல சட்டம்தான், யார் வேண்டாம் என்றார்கள்? கடலோடு விட்டிருந்தால் எனக்கும் சந்தோஷம். இவன் அதைக் கரைக்கும் கொண்டுவந்துவிட்டான்.

ரோடு தாண்டுவதற்கு முன்னால் பார்ப்பான். ஓட்டலில் நுழைவதற்கு முன்னால் பார்ப்பான். நாங்கள் இரண்டு ரவுண்டு தோசை துன்னு முடித்துக் கை கழுவும்போது ஐயா உள்ளே வருவார். "அரை மணி நேரமா வெளிய இன்னாடா பண்ணிகினு இருந்த?" என்று கேட்டுக் கேட்டே அந்தப் பெயர் நிலைத்தது. அவனுக்கு அதில் ஒரே ஒரு வருத்தம். "ஆழமில்லாத தண்ணிக்குத்தான்பா அரை மணி. ஆழத்துக்கு ஒரு மணி. அடியில முங்கினது லேசுல மேல வராது, மூச்சப் புடிச்சிகினு உள்ளயே கிடக்கும். நாமதான் காத்துகினு இருக்கணும்," என்பான். "ஒருமணி"ன்னு கூப்பிட்டால் திருப்தியாக இருந்திருப்பான் போல.

என்னை எழுப்புகிற லட்சணத்தைச் சொல்ல வேண்டும். காலை ஷிப்டு என்றால் எழுப்பி விடச் சொல்லுவேன். முதலில் கட்டிலை ஒரு விரலால் தட்டுவான். கொஞ்சம் பொறுத்து இரண்டு விரல். அப்புறம் என் பெயரைக் கொசு மாதிரி காதோரம் சொல்லுவான். அப்படியே ஏற்றி ஏற்றி, அவன் மனிதக் குரலுக்கு வருவதற்குள் கம்பெனி பஸ் தடாவைத் தாண்டியிருக்கும். "ஒரு உதை விட்டு எழுப்பக் கூடாதாடா பாவி?" என்று கத்துவேன். "தூங்கறவங்கள எப்பிடிப்பா ஒரேயடியா எழுப்பறது?" என்பான், நிஜமாகவே கஷ்டப்பட்டு.

கெட்ட செய்தியும் அப்படித்தான். ஒரு நாள் ஷிப்டு முடிந்து வந்தேன். "உன் போனு நல்லாத்தான் கீது," என்றான். நான் கேட்கவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, "லேசா ஈரம்," என்றான். டீ போட்டுக் கொடுத்தான். நான் டீயைக் குடித்து முடித்ததும், "பக்கெட்ல கீது," என்றான். நான் பாய்ந்து போய்ப் பார்த்தால் அது உள்ளே மீன் குஞ்சு மாதிரி மல்லாந்து கிடக்கிறது.

லீவில் வந்தாலும் அவனுக்குக் கை சும்மா இருக்காது. மாலையானால் மொட்டை மாடியில் பைனாகுலரோடு தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஓனரம்மா ஒரு நாள் துடைப்பத்தோடு மேலே ஏறி வந்துவிட்டார். "ஏம் சூஸ்துன்னாவ் பாபு?" என்று ஒரு அதட்டல், என்னத்தைப் பார்க்கிறாய் என்று. இவன் பைனாகுலரை இறக்கி, ரொம்ப மரியாதையாக, "ஏமீ லேதண்டி," என்றான். அவன் தொழிலே அதுதான், தெலுங்கில் சொன்னான், அவ்வளவுதான். ஓனரம்மா அதை நம்பாமல் எனக்கும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார்.

அவன் எதைப் பார்த்தான் என்பது எனக்குத் தெரியும். எதிர்வரிசையில் சவுண்ட் சர்வீஸ் கடை. கடைக்காரரைத் தெருவே செட்டு நைனா என்று கூப்பிடும். வரதய்யபாளையம் சுற்று வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, ஜாத்திரை எதுவானாலும் அவர் செட்டுதான். பீரோ உயரத்துக்குக் கறுப்புப் பாக்ஸ்கள். அவர் பாட்டுப் போட்டால் ஓட்டலில் டம்ளர் நடக்கும். வருஷா வருஷம் சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார். ஜனமும் "செட்டுன்னா இதுதான்டா செட்டு" என்று ஏத்திவிட்டது. அவருக்கு ஒரே பெண், சரளா. அந்தக் கடையில் ஒயர் பற்றவைப்பதிலிருந்து பில் போடுவது வரை சரளாதான். நம்மாள் பைனாகுலரில் வேறு எதைப் பார்ப்பான், சொல்லுங்கள்?

காதலையும் மெல்லத்தான் ஏற்றினான். முதல் லீவில் கடைப்பக்கம் நடந்தான். அடுத்த லீவில் தலையை ஆட்டினான். அதற்கடுத்த லீவில் லேசாகச் சிரித்தான். நடுவில் எல்லாம் கடலுக்குப் போய்விடுவான். கடைசியில் சரளாவே பொறுமை போய், ஒயர் பற்றவைக்கிற சாலிடரிங் கட்டையைக் கையில் பிடித்தபடி ரோட்டுக்கு வந்துவிட்டாள். "இந்த ஸ்பீடுல போனா எனக்கு அறுவது வயசு ஆய்டும். கட்டிக்கிறியா இல்லியா?" என்று கேட்டாள். அவன் நெருப்புக் கட்டையிலிருந்து ஒரு அடி விலகி நின்று, "கட்டிக்கிறேன்," என்றான்.

விநாயகர் சவிதி வந்தது. பந்தலில் பிள்ளையாரை வைத்ததும் செட்டு நைனா எடுத்த எடுப்பில் முழு வால்யூமும் திருப்பினார். என் நெஞ்சுக்குள் யாரோ அம்மி கொத்தினார்கள். பக்கத்தில் நின்ற அரைமணி பந்தல் நடுவுக்கு ஓடி, தலைக்கு மேல் கையைக் குறுக்கே வைத்து, "ஸ்டாப்! ஸ்டாப்!" என்று கத்தினான். யாருக்கோ ஷாக் அடித்துவிட்டது என்று பயந்து மெயினையே இறக்கிவிட்டார்கள். தெருவே ஓடி வந்தது.

"இன்னா ஆச்சி? யாருக்கு இன்னா?"

"எதிர் கொட்டாய்ல எரும கன்னு போட்டுகினு கீது," என்றான் அரைமணி. "ஒரு அரை மணி பாத்துட்டு, மெதுவா ஏத்துங்க."

"ஏம் கோல ரா இதி!" இது என்ன ரகளைடா என்று பந்தல் பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் கொட்டாய்க்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவரும் அவர்தான், கன்று வெளியே வரும் வரைக்கும் பாட்டு வேண்டாம் என்றவரும் அவர்தான். செட்டு நைனா மட்டும் அன்றைக்கு அரைமணியை முறைத்த முறைப்பை நான் மறக்க மாட்டேன்.

ரூமுக்கு வந்ததும் அரைமணி கட்டிலில் உட்கார்ந்து யோசனையில் இருந்தான். "செட்டு நைனா இடது பக்கம் கூப்ட்டா திரும்பறதே இல்ல, பாத்தியா?" என்றான்.

"கழுத்து சுளுக்கா இருக்கும், படுடா," என்றேன்.

இந்த லட்சணத்தில் பெண் கேட்டுப் போனோம். செட்டு நைனா கடைக்குள் ஒரு பாக்ஸின் மேல் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் வேலையைக் கேட்டார். அரைமணி சொன்னான். நைனா கையைக் காதோரம் வைத்து, "இன்னா? சத்தமா சொல்லு!" என்றார். நான் சத்தமாகச் சொன்னேன்.

"சத்தத்த நிறுத்தறதா ஒன் வேல?" அவர் பாக்ஸை விட்டு எழுந்தே விட்டார். "டேய், நான் சத்தத்துல சோறு துன்றவன்டா! எனுக்கு மருமவன் இவனா?"

"நைனா, இவரத்தான் கட்டிக்குவேன்," என்றாள் சரளா, உள்ளே ஒயர் சுற்றிக்கொண்டே. அவள் சொன்னது அவருக்குக் கேட்டதோ என்னவோ, அவள் முகத்தைப் பார்த்ததில் புரிந்துவிட்டது. மறுபடி பாக்ஸின் மேல் உட்கார்ந்தார். அப்புறம் ஒரு கண்டிஷன் போட்டார். "நிச்சயத்துல என் செட்டு மொத்தமும் பாடும். ஒரு பாக்ஸ் பாக்கி வெக்க மாட்டேன். நீ மணையில உக்காந்துகினு வாயத் தொறக்கக் கூடாது, கையத் தூக்கக் கூடாது. தூக்கினா அன்னிக்கே எல்லாம் கேன்சல். சம்மதமா?"

அரைமணி சரளாவைப் பார்த்தான். நான் மணியைப் பார்த்தேன், அரை மணி நேரமாவது ஆகும் என்று. "சம்மதம் மாமா," என்றான் உடனே. அவன் எதற்கும் உடனே பதில் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

நிச்சயத்தன்று கடைக்கு முன்னாலேயே பந்தல். நாகலாபுரத்திலிருந்து அவன் சனம் வேன் பிடித்து வந்திருந்தது. செட்டு நைனா பட்டு வேட்டியில், எல்லாப் பாக்ஸையும் இரண்டு பக்கமும் கோட்டைச் சுவர் மாதிரி அடுக்கி, சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்சருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். சத்தியவேட்டில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் போட்டிக் கடைக்காரரையும் வேண்டுமென்றே முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார். அவர் பார்த்து வயிறு எரிய வேண்டும் என்பது ஏற்பாடு. நான் சமையல்கட்டுப் பக்கமாக இடம் பிடித்திருந்தேன். வடை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பாட்டு முடிந்து லக்னப் பத்திரிகை வாசிக்கிற நேரம். ஐயரின் மந்திரம் ஊருக்கே கேட்க வேண்டும் என்று நைனா ஒரு மைக்கை எடுத்து ஐயர் கையில் கொடுத்தார். ஐயரை உட்கார வைத்தது நேராக இடது பக்கப் பாக்ஸுக்கு முன்னால். மைக்கைப் பாக்ஸுக்கு முன்னால் வைத்தால் என்ன ஆகும் என்று சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும். 'வீஈஈஈல்' என்று ஒரு கத்தல் கிளம்பியது. ஐயர் மைக்கைக் கீழே போட்டார், அது கத்துவதை நிறுத்தவில்லை. ஜனம் காதைப் பொத்திக்கொண்டு குனிந்தது. குழந்தைகள் அலறின. எனக்குப் பல் கூசி, வாயிலிருந்த வடை கையில் வந்துவிட்டது.

செட்டு நைனா ஒருத்தர் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார். ஜனம் ஏன் குனிகிறது என்று அவருக்குப் புரியவில்லை. சத்தம் போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் ஏற்றினார்.

சத்தியவேட்டுக்காரர் மெல்ல எழுந்தார். முகத்தில் ஒரு இளிப்பு. "இன்னா நைனா," என்று மிக்சரைப் பார்த்து நடந்தார், "ஒனக்குக் கேக்கலியா?" பின்வரிசையில் இரண்டு தலை நைனா பக்கம் திரும்பியது. சரளா மணையில் முகம் செத்துப் போய் உட்கார்ந்திருந்தாள். செட்டுக்காரருக்கே காது கேட்கவில்லை என்று சத்தியவேடு வரைக்கும் பரவினால் அப்புறம் யார் அவரைக் கூப்பிடுவார்கள்?

அப்போதுதான் மாப்பிள்ளை எழுந்தான். மணை மேலேயே ஏறி நின்று, மாலை அவிழ்ந்து தொங்க, தலைக்கு மேல் இரண்டு கையையும் குறுக்கே தூக்கினான்.

"ஸ்டாப்! ஸ்டாப்! மூச்சு தெரியுது! வட்டத்துக்குள்ள வந்துட்ச்சி! அதோ!"

பந்தல் மொத்தமும் அவன் காட்டிய பக்கம் திரும்பியது. அங்கே ஓனரம்மாவின் மொட்டை மாடித் தண்ணீர் டேங்க். சரளா எழுந்து ஓடி ஜெனரேட்டர் சுவிட்சை இறக்கினாள். கத்தல் நின்றது. பிறகு ஒருத்தர் சிரித்தார், பந்தலே சிரித்தது. "மாப்ளைக்குக் கழண்டுகிச்சிடா! டேங்க்ல திமிங்கலமாம்!" சத்தியவேட்டுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் விழுந்தார். வந்த காரியத்தையே மறந்துவிட்டார் மனுஷன். அரைமணியின் அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். செட்டு நைனாவை மட்டும் ஒருத்தரும் பார்க்கவில்லை.

"கையத் தூக்கிட்டான்!" என்று அவர் கத்தினார். "என் பொண்ணு நிச்சயத்துல என் செட்டயே நிறுத்திட்டான்! எல்லாம் கேன்சல்!" விறுவிறு என்று போய், செட்டு ஏற்றுகிற வேனில் ஏறி, கதவைச் சாத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஆள் வேனைத் தட்டினார்கள். திறக்கவில்லை. சரளா அரைமணியின் பக்கத்தில் வந்து நின்றாள். "ஒனக்குத் தெரியுமா?" என்றாள் தாழ்ந்த குரலில். "தெரியும்," என்றான். அவள் அழுதாள். அந்த நேரத்தில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, இலை போட்டாகிவிட்டது என்பது மட்டும் விளங்கியது.

"யாரும் தட்டாதீங்க," என்றான் அரைமணி. "எல்லாரும் அந்தாண்ட போங்க. ஒரு மணி நேரம் ஆவும்." மாலையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வேன் படியில் உட்கார்ந்தான். என்னையும் இழுத்து உட்கார வைத்தான். நல்ல வெயில். பந்தலிலிருந்து சாம்பார் வாசனை. "நீயாவது ஏதாவது பேசேண்டா," என்றேன். "பேசக் கூடாது. பாத்துகினு இருக்கணும்," என்றான். உட்கார்ந்திருந்தோம். பசியில் எனக்கே திமிங்கலம் தெரிய ஆரம்பித்துவிட்டது.

எவ்வளவு நேரம் போனதோ, கண்ணாடி கொஞ்சமாக இறங்கியது.

"அந்தக் கத்தல் நெசமாவே வந்திச்சா?" என்றார் செட்டு நைனா.

"வந்திச்சி மாமா," என்றான் அரைமணி, எழுந்து அவர் வலது காதோரம் சத்தமாக.

"எனுக்கு வரல."

எனக்குச் சாம்பார் வாசனை நின்றுபோனது. பாடுபட்டுச் சேர்த்த அத்தனை பாக்ஸுக்கும் நடுவில் அந்த மனுஷன் எத்தனை வருஷமாகத் தனியாக உட்கார்ந்திருந்தாரோ.

"எப்பலருந்து தெரியும் ஒனக்கு?"

"சவிதிலருந்து."

"ஏன்டா சொல்லல?"

"மெதுவா ஏத்தலாம்னு இருந்தேன் மாமா."

நைனாவுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று சொல்ல முடியாது, இரண்டும் வந்தது. "அதுக்குன்னு பைத்தியம் மாதிரி கத்துவியா? ஊரே ஒன்ன பாத்து சிரிக்குது."

"எனக்குப் பழக்கம்தானே மாமா."

கண்ணாடி முழுசாக இறங்கியது. "திமிங்கலத்துக்கும் இப்பிடித்தான் ஆவுமா? எனுக்கு ஆன மாதிரி?"

"ஆவும்."

"எனுக்காவது திருப்பதில மிஷின் வெப்பாங்க. அதுக்கு?"

"அதுக்கு ஒன்னும் இல்ல மாமா. அதான் நான் போறேன்."

செட்டு நைனா கதவைத் திறந்தார். இறங்கி, மருமகன் மடியிலிருந்த மாலையை எடுத்து அவன் கழுத்தில் மறுபடி போட்டார். பந்தலைப் பார்த்து, "இன்னா பாத்துகினு கீறீங்க? தட்டு மாத்தணும், வாங்க!" என்று ஒரு சத்தம் போட்டார். மைக்கே தேவைப்படவில்லை.

கல்யாணமாகி அரைமணி எதிர்வீட்டுக்குப் போய்விட்டான். இப்போது மிக்சரில் சரளா உட்காருகிறாள். நைனா திருப்பதியில் வாங்கிய காது மிஷினை ஊர் முழுக்கக் காட்டிக்கொண்டு அலைகிறார். இதை எழுதட்டுமா என்று கேட்டபோது, "எழுது. ஆனா செட்டு நல்ல செட்டுன்னு எழுது," என்றார். நல்ல செட்டு. எழுதிவிட்டேன். பாட்டுப் போடுவதற்கு முன்னால் அவர் பந்தலைச் சுற்றி ஒரு நடை போய், கைக்குழந்தை, கிழவர், கன்று போட்ட மாடு எல்லாம் பார்த்துவிட்டு வந்துதான் தலையை ஆட்டுகிறார். சரளா மெல்ல ஏற்றுகிறாள். யாராவது அவசரப்படுத்தினால், "இருப்பா, என் மருமவன் வேல அது," என்கிறார்.

ரூமில் இப்போது நான் தனி. போன் அலாரம்தான் எழுப்புகிறது. எடுத்த எடுப்பிலேயே தலையில் அடிக்கிற மாதிரி கத்துகிறது சனியன். கம்பெனி பஸ்ஸை ஒரு நாள் கூட விட்டதில்லை, மேனேஜர் பாராட்டுகிறார். நன்றாகவே இல்லை.

இன்று சாயங்காலம் அரைமணி கடலிலிருந்து வந்திருக்கிறான். பையோடும் பைனாகுலரோடும் தெரு முனையில் நின்று, இரண்டு பக்கமும் நெடுநேரம் பார்த்துவிட்டு, ரோடு தாண்டி வந்தான். "நாளைக்கு காலம்பர ஷிப்டா? எழுப்பி உடறேன்," என்றான்.

அலாரத்தை அணைத்து வைத்துவிட்டேன். பஸ் போனால் போகட்டும்.